டாக்டரோட அம்மா

சோரியாங்குப்பத்தில் ஒருத்திக்குத் தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் அதோடு அவள் சொந்தப் பேர் போயிற்று. காசம்மாளுக்கும் அப்படித்தான். மூத்தது பெண். திரௌபதி என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவள் திரௌபதி அம்மா. புருஷன் குழந்தைவேல்கூடக் கோபம் வந்தால்தான் ‘ஏ காசு’ என்பான். மற்ற நேரமெல்லாம் ‘திரௌபதி அம்மா, சோத்தப் போடு’ தான். அந்தப் பேரோடு அவள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு ஒருநாள் அவளே அதை மாற்றிக்கொண்டாள். அங்கே பிடித்தது சனி.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். பாகூர் பக்கத்தில் டாக்டர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. பாண்டியிலிருந்து ஒருத்தர் எப்போதாவது வருவார், வராமலும் இருப்பார். காய்ச்சலா, கஷாயம். பாம்புக் கடியா, வேப்பிலை. அதற்கு மேலே போனால் தலையெழுத்து. புதுச் சர்க்கார் வந்ததும் இதைப் பார்த்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்தது. பாண்டியில் டாக்டர் படிப்புக்கு இடத்தைக் கூட்டினார்கள். கூட்டியதில் கொஞ்சம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். படிப்புச் செலவும் சாப்பாட்டுச் செலவும் சர்க்காருடையது. படித்து முடித்ததும் டவுனில் கடை போட்டு உட்காராமல் கிராமத்து டிஸ்பென்சரிக்கு வந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஒன்று காசம்மாளின் இரண்டாவது பிள்ளை அரிகிருஷ்ணனுக்குக் கிடைத்தது. கரும்புத் தோட்டத்துக்கு மடை திருப்பிக்கொண்டே பாடம் படித்த பிள்ளை. பிரெஞ்சுக்காரன் வைத்த பேர் மாறாத மேரி ஆபீசு என்கிற முனிசிபல் ஆபீசிலிருந்து சேவகன் சைக்கிளில் வந்து சேதி சொல்லிவிட்டு இறங்காமலே திரும்பப் பார்த்தான். காசம்மாள் விடுவாளா? ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தி, சர்க்கரை போட்ட மோர் குடிக்கவைத்துத்தான் அனுப்பினாள்.

அடேயப்பா, அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை! பிள்ளை இன்னும் டிரங்குப் பெட்டிகூட வாங்கவில்லை, ஊர் பூரா அவன் டாக்டர். கிணற்றடியில் யாரோ பழக்க தோஷத்தில் ‘திரௌபதி அம்மா’ என்று கூப்பிட்டதற்கு, குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே அந்தப் பேரு வேணாம்டி. டாக்டரோட அம்மான்னு கூப்பிடுங்க.”

சிரித்தார்கள். ஆனால் கூப்பிட்டார்கள். ஊருக்கு ஒரு டாக்டர் வருவது அவர்களுக்கும்தானே பெருமை.

திரௌபதிக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. சாணி உருண்டை தட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: “இன்னாம்மா, எம் பேரைத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டியா?”

“உன் பேருக்கு இன்னாடி? நீ வேற வூட்டுக்குப் போறவ.”

அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காசம்மாளை அந்தச் சிரிப்புதான் பிற்பாடு கொன்று தின்றது.

அரி லீவுக்கு வரும்போதெல்லாம் வாசலில் கூட்டம். இருமல்காரன், சிரங்குக்காரன், பசு சினை பிடிக்கவில்லை என்பவன்கூட வந்து நின்றான். முதல் தடவை அரி நெளிந்தான்.

“யம்மா, நான் இன்னும் பொணத்தை அறுத்துத்தான் படிக்கிறேன். உசுரோட இருக்கிறவங்களத் தொட இன்னும் நாளு கெடக்குது. இவங்களப் போகச் சொல்லு” என்றான்.

“சும்மா இர்றா. வூடு தேடி வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புவாங்களா?” என்று காசம்மாள் மணையைக் கொண்டுவந்து போட்டாள்.

பிள்ளைக்குப் பெரிய வயசா என்ன? மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. அம்மா முகத்தையும் கூட்டத்தின் முகத்தையும் பார்த்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், புண்ணைக் கழுவிக் கட்டுங்கள் என்று தெரிந்ததைச் சொன்னான். பாதிப் பேருக்குத் தன்னால் குணமாயிற்று. அதெல்லாம் அவன் கைராசிக் கணக்கில் சேர்ந்தது. அடுத்த லீவில் அவன் மறுக்கவும் இல்லை.

திரௌபதியை ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூரை ஒட்டின ஊரில் நடேசன் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நடுவில் பெண்ணையாறு. மழைக்காலம் போனால் மணலும் கணுக்கால் தண்ணீரும்தான், வண்டியே இறங்கி ஏறிவிடும். ஆனாலும் இந்தக் கரைக்காரர்களுக்கு அந்தக் கரை என்றால் மனசில் ஒரு வேலி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அங்கே சுங்கச்சாவடி போட்டு மடியைத் தடவிப் பார்த்தார்களே, அந்தக் கசப்பு. சாவடியை எடுத்து வருஷமாகியும், நோவு என்றால் இவர்கள் முகம் வடக்கே பாண்டியைத்தான் பார்க்கும். எட்டி நடந்தால் வந்துவிடுகிற கடலூர் ஆஸ்பத்திரி யாருக்கும் ஞாபகம் வராது.

திரௌபதி உண்டானாள். வளைகாப்புக்கு வரிசைத்தட்டோடு ஆறு கடந்து போனாள் காசம்மாள். வளையல் போட்டு முடிந்து, பெண்ணைக் கூட்டிப்போகிற நேரத்தில் சம்பந்தி வள்ளியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மாதிரி பொம்பளை. தயங்கித்தான் பேச்செடுத்தாள்.

“சம்மந்தி, தப்பா நெனைக்கக் கூடாது. வழக்கம் எனக்கும் தெரியும், தலப்பிரசவம் தாய்வூட்லதான். ஆனா எங்களுக்கு ஆஸ்பத்திரி கிட்டக்க இருக்குது. பொண்ணு இங்கயே இருக்கட்டுமே. நீங்களும் வந்து கூட இருங்க. யாரு வாணான்றது?”

காசம்மாளுக்குச் சுருக்கென்றது. முதல் பிள்ளைப்பேற்றை மாமியார் வீட்டில் பார்ப்பதா? ஊர் என்ன சொல்லும், பெத்த பொண்ணுக்குச் சோறு போட வக்கில்லை என்றல்லவா பேசும். அதுவாவது போகட்டும். ஆஸ்பத்திரியாம், ஆஸ்பத்திரி! யாரிடம் வந்து சொல்கிறாள்?

“ஏன் சம்மந்தி, எம் புள்ள டாக்டருங்கிறது உங்களுக்கு மறந்துபோச்சா?” என்றாள் சபையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

வள்ளியம்மாள் எழுந்தாள். திரௌபதியின் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு விட்டாள்.

பொங்கலுக்கு அரி வந்தான். வீடே நிறைந்து கிடந்தது. மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கிற அன்றைக்கு, திரௌபதி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் ரெண்டும் உப்பிக் கிடந்தன. மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. முகமும் ஒரு மாதிரி ஊதி, கண் சின்னதாகி இருந்தது.

“டேய் அரி, தலை வேற விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுடா. இன்னான்னு பாரேன்” என்றாள்.

அத்தைகளும் சித்திகளும் சுற்றி நின்றார்கள். ‘கால் வீங்கினா ஆம்பளப் புள்ளதான்’ என்றாள் ஒருத்தி. அரி குந்தி உட்கார்ந்து அக்காவின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் உடனே எழவில்லை. அவனுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று தெரியவில்லை. அந்தப் பாடத்துக்கு அவன் இன்னும் வரவே இல்லை. நிமிர்ந்து பார்த்தான். அம்மா கை இரண்டையும் கோத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணும் இல்லக்கா. இந்த மாசத்துல வர்றதுதான். சரியாப் போயிடும்” என்றான்.

“டாக்டரே சொல்லியாச்சு, போய் வேலையப் பாருங்கடி” என்றாள் காசம்மாள்.

அரி பாண்டிக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் இருக்கும். காலையில் முகம் கழுவப் போன திரௌபதி, ‘யம்மா, கண்ணு மறைக்குது’ என்று சொல்லிக்கொண்டே தோட்டத்தில் விழுந்தாள். பல் கிட்டி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மருத்துவச்சி குப்பு ஓடிவந்தவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“இது என் கையில இல்ல தாயீ. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க” என்றாள்.

குழந்தைவேல் ஓடிப்போய் வண்டியைப் பூட்டினான். வைக்கோல் பரப்பினான். மாட்டை ஆற்றுப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுப் பெண்ணைத் தூக்க வந்தான். காசம்மாள் வாசல்படியில் நின்றாள்.

“எங்கய்யா தூக்கற? கடலூருக்கா? அங்க நமக்கு யாரு இருக்கறா? எவனோ எவளோ தொட்டுப் பாக்கறதுக்கா எம் புள்ள டாக்டருக்குப் படிக்கிறான்? பாண்டிக்கு ஆள் அனுப்பு. அரி வந்து பாக்கட்டும்.”

“ஏமே, அதுவரைக்கும் தாங்குமா?”

“வந்துருவான்யா. அவன் வந்து பாத்தா சரியாப்பூடும்.”

குழந்தைவேல் கையை இறக்கிவிட்டான். ஏன் இறக்கினாய் என்று கேட்டால் என்ன சொல்வான், பாவம். பிள்ளை டாக்டர் என்று அவன் மனசிலும் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் பாண்டிக்குப் பறந்தான்.

காத்திருந்தார்கள். பூட்டின மாடு பூட்டினபடி வாசலில் நின்றது. இழுப்பு நிற்கும், திரௌபதி எங்கேயோ பார்த்து முனகுவாள், மறுபடி இழுக்கும். காசம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “தோ வந்துட்டான்டி, தம்பி வந்துட்டான்டி கண்ணு” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். உச்சி வெயில் சாய்ந்தது.

அரி பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தான். கையில் ஒன்றும் இல்லை. வாசலில் பூட்டிய வண்டியைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“இன்னும் இங்கயா வெச்சிருக்கீங்க? ஐயோ, எனக்காகவா உக்காந்துனு இருக்கீங்க? எனக்கு இன்னா தெரியும்மா! எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா!”

அந்தக் குரலைக் கேட்டு ஊரே வெளியில் வந்தது. அப்போதுதான் காசம்மாள் மகளின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள்.

வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆற்று மணலில் சக்கரம் புதைந்தது. ஆம்பளைகள் எல்லாம் தோள் கொடுத்துத் தள்ளினார்கள், அரியும் தள்ளினான். அந்தக் கரைத் தென்னைகள் நன்றாகத் தெரிகிற இடத்தில் திரௌபதியின் தலை காசம்மாள் மடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

குளிப்பாட்டும்போது மெட்டியைக் கழற்ற வரவில்லை. எண்ணெய் போட்டும் வரவில்லை. விரல் அப்படி வீங்கியிருந்தது. வள்ளியம்மாள்தான் வந்து, “வேணாம், இருக்கட்டும், போட்டுக்கினே போகட்டும் எம் மருமவ” என்றாள். காசம்மாளை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி போடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை, வழியில் போகிற யாராவது இறக்கி வைத்து இளைப்பாறட்டும் என்று. ஆற்றுக்கு இறங்குகிற பாதையில் ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். புல்லுக்கட்டுக்காரிகளும் மீன்கூடைக்காரிகளும் அதில் சுமையை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்தும் அரி பாண்டிக்குப் போகவில்லை. காலையில் எழுந்து போய்ச் சுமைதாங்கி ஓரம் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் வருவான். மேரி ஆபீசு சேவகன் மறுபடி வந்தான். இந்தத் தடவை சைக்கிளை விட்டு இறங்கி, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைவேலிடம் மெதுவாகச் சொன்னான்: “தம்பி இந்த வாரத்துக்குள்ள போகலன்னா இடம் போயிடுமாம். வேற ஊருப் பையனுக்குக் குடுத்துருவாங்களாம். நம்ப பக்கத்துக்கு அப்புறம் டாக்டரே இல்லன்னு ஆயிடும்.”

“டாக்டரு!” என்றான் குழந்தைவேல். அந்த ஒரு வார்த்தைதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

காசம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஆற்றுப் பாதைக்கு நடந்தாள். மகள் போனதிலிருந்து அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. அரி அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“போ அரி. காலேசுக்குப் போ” என்றாள்.

“எந்த மூஞ்சிய வெச்சினும்மா போறது?” என்றான். “பொங்கலன்னிக்கு அக்கா கால அழுத்திப் பாத்தேன்ல. பள்ளம் விழுந்துது. என்னமோ தப்புன்னு தெரிஞ்சுது எனக்கு. இன்னான்னு தெரியல. தெரியாதுக்கா, கடலூருக்குப் போய்க் காட்டிக்கோன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அக்கா இருந்திருக்கும். வாய் வரலம்மா. எல்லாரும் நின்னாங்க. நீ நின்ன.”

காசம்மாள் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் மேல் கிடந்த மணலை முந்தானையால் துடைத்துவிட்டாள். 

“தெரியாதுன்னு நீ சொன்னடா. மொத நாளே சொன்ன. பொணத்தத்தான் அறுக்கறேன்னு சொன்ன. நான்தான் மணையக் கொண்டாந்து போட்டேன்” என்றாள். “அவ செத்தது உன்னால இல்ல. என் ஆங்காரத்தால. நான் இனிமே படிச்சித் தெரிஞ்சிக்க முடியுமா? நீ போய்த் தெரிஞ்சிக்கினு வா. அந்தக் கால அழுத்தினா பள்ளம் விழுந்துதே, அது இன்னா நோவுன்னு தெரிஞ்சிக்கினு வா. நம்ப வூட்ல ஒருத்தருக்காவது தெரியணும்டா.”

அரி வாய்விட்டு அழுதான். அழட்டும் என்று விட்டாள். பிறகு அவன் கையைப் பிடித்து எழுப்பி, பாகூர் வரைக்கும் கூடவே நடந்து பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

அரி படித்தான். லீவுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தாலும் வாசலில் யாரையும் நிற்க விடவில்லை, ‘நான் இன்னும் டாக்டர் இல்ல’ என்று முகத்துக்கு நேரே சொன்னான். ஊர் முணுமுணுத்தது. காசம்மாள் மணையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

பிரெஞ்சுக்காரனோடு கடைசிப் பத்திரமும் முடிந்து, பாண்டி முழுசாக இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில் அரி படிப்பை முடித்தான். சொன்ன சொல்படி அவனைச் சோரியாங்குப்பத்துக்கே அனுப்பினார்கள். ஒற்றை அறை டிஸ்பென்சரி, ஒரு கம்பவுண்டர், ஒரு பெஞ்சு. பேர் எழுதின பலகையைப் பார்க்க ஊரே போயிற்று. காசம்மாள் போகவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை படிக்கப் போகும் முன்னாலேயே அவனை டாக்டர் என்றவள், அவன் நிஜமாகவே டாக்டராகி வந்த பிறகு ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. யாராவது வந்து ‘டாக்டர் இருக்காருங்களா?’ என்று கேட்டால், ‘அரி உள்ள இருக்கான்’ என்பாள், அவ்வளவுதான்.

வேறொரு பழக்கமும் அவளுக்கு வந்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி எவளைக் கண்டாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள். காலைத்தான் பார்ப்பாள்.

அப்படித்தான் ஒருநாள் சாரதாவைப் பார்த்தாள். பண்டசோழநல்லூரிலிருந்து சோரியாங்குப்பத்துக்கு வாழ வந்த பெண், தாய் இல்லாதவள். அதனால் பிரசவத்துக்கு மாமியார் வீட்டிலேயே இருந்தாள். தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள். மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது.

காசம்மாள் குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்காமல் அவளைக் கையைப் பிடித்து அரியிடம் இழுத்துக்கொண்டு போனாள். அரி குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் பாதத்தை அழுத்தினான். பள்ளம் விழுந்தது. அவன் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தான், ஒரு ஊசி போட்டான்.

“ரத்தக் கொதிப்பு ஏறியிருக்குது, விட்டா இழுப்பு வந்துரும். இங்க வெச்சுப் பாக்கக் கூடாது. கட்டில் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பவே கடலூருக்குக் கொண்டுபோகணும்” என்றான்.

பின்னாலேயே ஓடிவந்த சாரதாவின் மாமியார் முகவாய்க்கட்டையில் கையை வைத்தாள். “இன்னாப்பா இது? டாக்டரு நீயே இங்க இருக்கறப்போ, கடலூருக்கு எதுக்குப்பா?”

“வாய மூடுடி!” என்றாள் காசம்மாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்து வருஷக்கணக்காகி இருந்தது.

குழந்தைவேல் வண்டியைப் பூட்டினான். முன்னைவிட வேகமாகவே பூட்டினான். காசம்மாள் ஏறி உட்கார்ந்து சாரதாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அரி வண்டிக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சுமைதாங்கி அருகே ஒருத்தி விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி அவளைத் தாண்டி மணலில் இறங்கியது. சாரதா பயந்துபோய்க் காசம்மாளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஆத்தத் தாண்டிருவோமா?” என்றாள்.

“தாண்டிருவோம்டி கண்ணு. நேரத்தோட கெளம்பிட்டோம்.”

சாரதா கொஞ்ச நேரம் மேலே அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் புதுசு, பழைய கதை எதுவும் தெரியாது.

“நீங்கதான டாக்டரோட அம்மா?” என்று கேட்டாள்.

காசம்மாள் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

“நான் திரௌபதி அம்மாடி” என்றாள்.